எழுபத்து நாலு மரமும் ஆறு கொல்லையும்

2022 ஆகஸ்ட் 28: கடிதம் 1. தபால் தலை ரூ. 5.
2022 செப்டம்பர் 11: மூங்கில் 1, சிவப்புத் துணி 1 முழம். ரூ. 85.
2022 அக்டோபர் 9: சில்வர் ஓக் கன்று 74. ரூ. 2,960.
2022 அக்டோபர் 12: குழி 74. ரூ. 3,700.
2023 ஏப்ரல் 16: மாற்றுக் கன்று 5. ரூ. 200.
2024 ஜூன் 15: கிளை கழித்த மரம் 74. கூலி வாங்கவில்லை.
2024 ஜூன் 18: முளைத்த சௌசௌ 61. ரூ. 305.
2024 ஜூலை 1: முளைத்த சௌசௌ 12. ரூ. 60.

இவை எல்லாம் பேத்துப்பாறை என்ற மலையூரில் இருநூற்று இருபத்திரண்டு அடி நீளமுள்ள ஒரு வேலிக்காக ஆன செலவு. வேலிக்குக் கீழே ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. வாசல் கிழக்கே பள்ளத்தைப் பார்க்கும், கொல்லை மேற்கே மலைச்சரிவைப் பார்க்கும். கொல்லைக்குக் கொல்லை ஒரு துவைக்கிற கல், ஒரு வெந்நீர் அடுப்பு, குளிப்பதற்கு ஒரு தடுப்பு. தடுப்புக்கு மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் சாக்குத் திரை, மேலே வானம். காலை எட்டு மணிக்கு வெயில் ஓட்டின் மேல் ஏறித் தடுப்புக்குள் விழும். அந்த மலையில் வெயிலில் நின்று குளிப்பது ஒரு சுகம். ஆறு வீட்டுப் பெண்களும் அப்படித்தான் குளித்து வந்தார்கள். மேலே சரிவில் மேய்ச்சல் புல்லைத் தவிர எதுவும் இருந்ததில்லை.

வரிசையில் கடைசி வீடு அன்னக்கொடியுடையது. கிளாவரையில் பூண்டு விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் பேத்துப்பாறைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருபதிலிருந்து காப்பித் தோட்டத்தில் நாள்கூலி. 2014இல் புருஷன் மஞ்சள் காமாலையில் போனான். மகள் ஷர்மிளா திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். 2016இல் ஒரு நாள், தோட்டத்துப் பாதை ஓரம் மழைத்தண்ணீரில் ஒதுங்கிக் கிடந்த சில்வர் ஓக் விதைகளை முந்தானையில் வாரிக்கொண்டு வந்து பால் கவர்களில் முளைக்கப் போட்டாள். நாற்பது முளைத்தன. முப்பத்தேழை விற்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கொல்லையில் மனிதன் நடக்கிற இடம் இரண்டடிதான், மீதி எல்லாம் நாற்றுப் பைகள். தண்ணீர் தெருக்குழாயிலிருந்து குடத்தில் வரவேண்டும். பாதி நாள் கூலிக்கும் பாதி நாள் நாற்றுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

2022 பிறந்ததும் மேல் சரிவை ஒருவர் வாங்கினார். பெயர் குருநாதன், பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். ஆடி மாதத்துக்குள் வீடு எழும்பிவிட்டது. கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு முன்னால் பதினெட்டடி நீளத்தில் ஒரு பால்கனி. பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காகக் கட்டியது. ஆனால் பள்ளத்தாக்கைப் பார்க்கிற கண்ணுக்கு முதலில் படுவது ஆறு கொல்லைகள்.

பால்கனியில் முதல்முதலாக ஆள் வந்து நின்ற அன்று மூன்றாவது வீட்டு முருகேஸ்வரி தலையில் சீயக்காய் நுரையோடு அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் பதறிப் போய்த் திரும்பிக்கொண்டார் என்பது வேறு விஷயம். மறுநாளிலிருந்து ஆறு வீட்டுப் பெண்களும் விடிவதற்குள் குளிரில் நடுங்கிக்கொண்டு குளிக்க ஆரம்பித்தார்கள்.

ஆறு பெண்களும் கையெழுத்துப் போட்டு குருநாதனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அது முதல் கடிதம். மூன்றாம் நாள் பதில் வந்தது, அது இரண்டாவது. நேரில் வந்து பேசுவதாக எழுதியிருந்தார்.

செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் முன்னால் பேச்சு நடந்தது. குருநாதன் நல்ல மனிதர்தான். ஆனால் தெரியாமல் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"குளிக்கிற எடத்துக்கு மேல ஆளுக்கு ரெண்டு தகரம் போட்டுக்கலாமேங்க. செலவ நானே ஏத்துக்கிறேன்."

முதல் வீட்டுப் பொன்னுத்தாய்க்கு அப்போது வயது அறுபத்தாறு. எழுந்து நின்றாள்.

"எங்க வானத்த நாங்க எதுக்குங்க மூடணும்? ஒங்க கண்ண நீங்க மூடுங்க. கண்ணாடிய எடுத்துட்டு செங்கல்ல வச்சுக் கட்டுங்க."

குருநாதனின் மனைவி சண்முகவள்ளிக்கு முகம் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணாடிக்காகத்தான் அவள் பழனியை விட்டு மலைக்கு வரச் சம்மதித்ததே. அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி வாய் திறந்தாள்.

"செங்கல்லும் வேணாம் தகரமும் வேணாம். நடுவுல மரத்த வச்சுருவோம். நான் வச்சுத் தாரேன்."

"மரம் எப்ப வளர்றது, நாங்க எப்பக் குளிக்கிறது?" என்றாள் பொன்னுத்தாய்.

"ரெண்டு வருசம் குடுங்க அத்தே. அதுவரைக்கும் அய்யா பால்கனிக் கதவப் பூட்டி, கண்ணாடிக்குக் காகிதத்த ஒட்டட்டும். ரெண்டு வருசம் கழிச்சு நாம ஆறு பேரும் மேல போய் நின்னு பாப்போம். ஒருத்தி கொல்லை தெரிஞ்சாலும் அவுங்க செங்கல்ல வச்சுக் கட்டட்டும்."

"சரிம்மா, ஒனக்கு என்ன கூலி?" என்று குருநாதன் கேட்டார்.

அவளுக்கு அந்தக் கேள்வி வருமென்று தெரியும். முந்தின நாள் முழுக்க அதற்கான பதிலைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குருநாதனின் நிலத்தில், தெற்கு மூலையில், எட்டு சென்ட் அளவுக்கு ஒரு மேடு. அதன் அடியில் ஓர் ஊற்று. கோடையிலும் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும்.

"கூலி வேணாங்க. கன்னு வெல, குழிவெட்டு ஆளுக்கு ஆகுறத மட்டும் குடுங்க. ஊத்து மூலைய பத்து வருசத்துக்கு எனக்கு நாத்துப் போட விடுங்க. எம் பேருல எழுதிக் குடுங்க. மரம் மறைக்கலைன்னா நீங்க எழுதவே வேணாம். நான் பழையபடி தோட்டத்துக்குப் போயிக்கிறேன்."

இருபத்துநாலு வருஷமாக ஏதோ ஒரு கங்காணியின் நோட்டில் ஓர் ஆளாக இருந்தவள், கோயில் முன்னால் தன் வாயால் ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மரத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. குருநாதன் தன் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கச் சொன்னார். அன்னக்கொடி மூங்கிலோடு வந்தாள். மூங்கில் நுனியில் சிவப்புத் துணி. சண்முகவள்ளி பால்கனியில் நிற்க வேண்டும், முருகேஸ்வரி கீழே துவைக்கிற கல் மேல் நிற்க வேண்டும், அன்னக்கொடியின் அண்ணன் திருமலைச்சாமி மூங்கிலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். துணி எந்த உயரத்தில் முருகேஸ்வரியின் தலையை மறைக்கிறதோ அந்த உயரத்துக்கு அந்த இடத்தில் மரம் வேண்டும்.

சுவர் ஓரம் பிடித்தபோது பதினாறு அடி மூங்கில் போதவில்லை. பாதிச் சரிவில் பன்னிரண்டரை அடி. இறங்க இறங்க உயரம் குறைந்தது. கடைசியில் கொல்லைகளை ஒட்டிய வேலியில் பிடித்தார்கள்.

"இன்னும் ஒரு சாண் தூக்குங்க," என்று சண்முகவள்ளி மேலிருந்து கத்தினாள். "இன்னும் கொஞ்சம். ஆங், தலை போயிருச்சு. முருகேஸ்வரி, இருக்கியா?"

"இங்கனதான்க்கா இருக்கேன்."

"எனக்குத் தெரியவே இல்ல."

எட்டடி. அதற்குமேல் வேண்டியதில்லை. எட்டடி என்றால் சில்வர் ஓக் இரண்டு வருஷத்தில் தாண்டிவிடும். அன்று மாலைக்குள் முப்பத்தோரு இடத்தில் மூங்கில் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். சண்முகவள்ளி தொண்டை கட்டிப்போய், பேச முடியாமல், சிரித்துக்கொண்டே டீ கொடுத்தாள். செங்கல்லைப் பற்றிய பயம் அவளுக்கு அன்றோடு பாதி போய்விட்டது.

மூன்றடிக்கு ஒன்றாக எழுபத்து நாலு கன்று. ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டது. ஐந்து பட்டுப் போக, மாற்றுக் கன்று வைத்தாள். முதல் வருஷம் இடுப்புக்கு மேல் வந்தது. இரண்டாம் வருஷம் தலைக்கு மேல் போனது. தரையிலிருந்தே கிளை அடித்து, ஒன்றின் இலை மற்றொன்றின் இலையில் கலந்து, தலைவாரிப் பின்னாத கூந்தலைப் போல வேலி முழுக்கப் பரந்து நின்றது. 2024 மே மாதம் சராசரி உயரம் ஒன்பதடி இரண்டங்குலம். புதுமனை புகும் முகூர்த்தம் ஆவணி 21 என்று குருநாதன் குறித்துவிட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஆகஸ்ட் 30 அன்று, ஆறு பெண்களும் பால்கனியில் ஏறிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஜூன் 13ஆம் தேதி அன்னக்கொடி கூக்காலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். போகும்போது திருமலைச்சாமியிடம், "அண்ணே, மரத்தப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது அவ்வளவுதான். திரும்பி வர வேண்டிய 15ஆம் தேதி கூக்காலுக்குப் பஸ் வரவில்லை. 16ஆம் தேதி மதியம்தான் பேத்துப்பாறையில் இறங்கினாள்.

திருமலைச்சாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்குக்கு, மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கீழ்க்கிளை கழிப்பார்கள். கீழே வெளிச்சம் வேண்டும், தண்டில் மிளகுக்கொடி ஏற வேண்டும். அந்த வேலையில் பெருமாள்மலை வட்டாரத்திலேயே அவரை மிஞ்சி ஆள் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம். கீழ்க்கிளையோடு நிற்கிற சில்வர் ஓக், அவர் கண்ணுக்குச் சவரம் செய்யாத மாப்பிள்ளை. 'மரத்தப் பாத்துக்க' என்று தங்கை சொன்னபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தானே மூங்கில் பிடித்தது மறந்துபோய், அவருக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை. வெட்டுச் சத்தம் கேட்ட வீட்டுக்காரர்களும் அன்னக்கொடி சொல்லித்தான் ஏதோ செய்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

வேலியோரம் அரிவாளைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார்.

"வா தாயி. ஒத்த ஆளா, ரெண்டே நாளு. எழுபத்து நாலும் முடிஞ்சுது. சீப்பு வச்சு சீவுனாப்புல கெடக்கு பாரு."

அன்னக்கொடி பார்த்தாள். எழுபத்து நாலு தண்டுகள் ஆறடி உயரத்துக்கு மொட்டையாக, வழவழவென்று நின்றன. அதற்குமேல் ஆளுக்கொரு கொத்து இலை. தண்டுகளுக்கு நடுவே அவளுடைய துவைக்கிற கல்லும், தடுப்பும், கொடியில் காய்ந்த பாவாடையும், அதற்கப்பால் பள்ளத்தாக்கும் பளிச்சென்று தெரிந்தன.

கையிலிருந்த பை நழுவியது. கல்யாண வீட்டு லட்டு சரிவில் உருண்டு போனது.

"ஏன் தாயி, ஒரு மாதிரி இருக்க?"

அவளால் திட்ட முடியவில்லை. அவளுக்கே கை அரித்ததுண்டு. போன வருஷம் ஒரு காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிவரை வந்து, நினைவு வந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

"அண்ணே, இது காப்பிக்கு வச்ச மரமில்லண்ணே. மறைக்கிறதுக்கு வச்ச மரம்."

திருமலைச்சாமி மரங்களைப் பார்த்தார். பிறகு மேலே பால்கனியைப் பார்த்தார். பிறகு கொல்லைகளைப் பார்த்தார். அரிவாளைக் கீழே வைத்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொன்னுத்தாய் பேச்சுச் சத்தம் கேட்டு வந்தாள். வந்தவள் வேலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தாள்.

"ஏலே திருமலை, எழுபத்து நாலு குடைய நட்டு வச்சுருக்கியேடா. மழைக்கு ஒதுங்கலாம். குளிக்க முடியாது."

"அத்தே, நாஞ் செத்துர்றேன்."

"அந்தச் சோலிய அப்புறம் பாரு. மொதல்ல மரத்துக்கு வழி சொல்லு."

சில்வர் ஓக் மறுபடி கிளை விடும். ஆனால் அதற்கு ஒரு வருஷமாவது வேண்டும். கையில் இருப்பது எழுபத்தைந்து நாள். செய்தி எப்படியோ பழனிக்குப் போய், 24ஆம் தேதி குருநாதனிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. மூன்றே வரி. மரங்களைக் கழித்துவிட்டதாக அறிந்தேன். ஆவணி 14 அன்று வருகிறேன். கொத்தனாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடிதம் வரும்போது அன்னக்கொடி அந்தக் கவலையைத் தாண்டிப் போயிருந்தாள். 16ஆம் தேதி சாயங்காலமே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. கிளையில்லாத தண்டுகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து முருகேஸ்வரி வீட்டுச் சௌசௌ பந்தல் பக்கம் நடந்தாள். பந்தலின் கல்தூண்களைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வேலிக்கு வந்து தண்டுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, எந்திரி. பந்தக்கால் எழுபத்து நாலு நட்டாச்சு. கம்பிய மட்டும் இழுக்கணும்."

அந்த மலையில் சௌசௌவுக்கு நிகராக ஓடுகிற கொடி கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு மேல் இலை. பந்தல் போட்டால் அடியில் மழை சொட்டாது. அதையே படுக்க விடாமல், மரத்துக்கு மரம் பழைய பந்தல் கம்பியை நாலு வரிசையாகக் கட்டி, சுவர் போல நிறுத்தி ஏற்றினால் என்ன? யாரும் அப்படி ஏற்றிப் பார்த்ததில்லை. ஆனால் ஏறாமல் இருக்க ஒரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னாச் சரிதான் தாயி," என்றார் திருமலைச்சாமி. அப்போது அவரிடம் என்ன சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

முளைவிட்ட காய்தான் விதை. மரத்துக்கு மரம் உள்ள இடைவெளி எழுபத்து மூன்று, ஆகவே காய் எழுபத்து மூன்று வேண்டும். இரண்டு நாள் தோட்டம் தோட்டமாக அலைந்ததில் அறுபத்தொன்று கிடைத்தது. பொன்னுத்தாய் வீட்டுப் பக்கமிருந்து நட்டுக்கொண்டே வந்தார்கள். ஐந்து கொல்லை முடியும் இடத்தில் காய் தீர்ந்துபோனது. மீதிப் பன்னிரண்டு இடைவெளி அன்னக்கொடியின் கொல்லைக்கு நேர் மேலே. அவற்றுக்குக் காய் கிடைத்து நட்டபோது பதின்மூன்று நாள் தாமதம்.

அதற்குப் பிறகு அந்த வேலி பேத்துப்பாறைக்கு ஒரு திருவிழாவாகிவிட்டது. ஊற்றிலிருந்து தண்ணீர், முருகேஸ்வரி வீட்டுச் சாணம், பொன்னுத்தாய் வீட்டுச் சாம்பல். திருமலைச்சாமி வெள்ளனே வந்து, இரவில் ஓடிய கொடிகளைக் கம்பியில் சுற்றிவிடுவார். ஆடிக் காற்று சுழற்றி அடித்தபோது ஆறு வீட்டிலிருந்தும் பழைய சேலையைக் கிழித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். காற்று நின்றபோது ஒன்பது கொடி அறுந்திருந்தது. ஒன்பதும் பக்கத்தில் வேறு முளை விட்டுக் கிளம்பின. ஆடி முடியும்போது முதல் நான்கு கொல்லைக்கு மேல் பச்சை இடைவெளியில்லாமல் மூடிவிட்டது. சாலையில் போகிற ஜீப்புக்காரர்கள் நிறுத்தி, "என்னக்கா, சௌசௌ நின்னுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்கள்.

"ஒக்கார நேரமில்லப்பா," என்பாள் அன்னக்கொடி.

ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. குருநாதன் பால்கனிக் கதவின் பூட்டைத் திறந்தார். கொத்தனாரும் வந்திருந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீ குடித்த அதே ஆள். ஆறு பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன் கொல்லையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரவர் வீட்டுப் பிள்ளைகள் கீழே கல் மேல் ஏறி நின்றுகொண்டார்கள். அன்னக்கொடியின் கல் மேல் திருமலைச்சாமி.

பொன்னுத்தாய் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள். இடது பக்கம் குனிந்து பார்த்தாள், வலது பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"தெரியல."

இரண்டாவது வீடு, தெரியவில்லை. முருகேஸ்வரி, தெரியவில்லை. நான்காவது, தெரியவில்லை. ஐந்தாவது, தெரியவில்லை. குருநாதனின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சண்முகவள்ளி அன்னக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்னக்கொடி பார்த்தாள். பச்சைச் சுவரின் கடைசிப் பகுதியில், மேலிருந்து இரண்டாவது கம்பியும் மூன்றாவது கம்பியும் ஓடுகிற இடத்தில் ஒரு சந்து. பதின்மூன்று நாள் பிந்திய கொடிகள் இரண்டு பக்கமிருந்தும் வந்துகொண்டிருந்தன, இன்னும் சேரவில்லை. அந்தச் சந்து வழியாகத் திருமலைச்சாமியின் தலைப்பாகையும், தோளும், கல்லின் ஒரு மூலையும் தெரிந்தன. அவள் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் தெரியும். மற்ற ஐந்து பேரும் தங்கள் தங்கள் கொல்லையைப் பார்த்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அது அவளுடைய கொல்லை. அவள் தெரியவில்லை என்றால் கேட்க ஆளில்லை. ஊற்றின் தண்ணீர்ச் சத்தம் அங்கே பால்கனிவரை கேட்டது.

"என்னம்மா, சொல்லிரு," என்றார் குருநாதன்.

"தெரியுதுங்க," என்றாள் அன்னக்கொடி. "எங் கல்லு தெரியுது."

சிரிப்பு நின்றது. சண்முகவள்ளி கையை விடவில்லை. பொன்னுத்தாய் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து அன்னக்கொடி நின்ற இடத்தில் நின்று பார்த்தாள்.

"அடியே, ஒரு முழம் சந்துடி அது. அதுல ஒரு சேலையத் தொங்கவிட்டா முடிஞ்சுபோச்சு."

"வளர்ந்து மறைக்கிறதுன்னுதான் பேச்சு அத்தே. சேலையத் தொங்கவிடுறதுன்னா ரெண்டு வருசத்துக்கு முன்னயே விட்டுருக்கலாமே."

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குருநாதன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க முகூர்த்தம் என்னைக்கிங்க?"

"அடுத்த வெள்ளிக்கெழமை."

"அப்ப இன்னும் ஏழு நாள் கெடக்குல்ல. வியாழக்கெழம சாயங்காலம் ஆறாவது கொல்லைய மட்டும் இன்னொருக்காப் பாப்போம். கொத்தனாரு வந்த கூலிய நான் குடுத்துர்றேன், அவரு போகட்டும்."

கொத்தனார் கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார். போகும்போது அவரும் சரிவில் இறங்கி அந்தச் சந்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சந்தின் அகலம் பத்தொன்பது அங்குலம். திருமலைச்சாமி ஒரு குச்சியில் கோடு கீறி அளந்தார். 31ஆம் தேதி இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம் ஓடியது. செப்டம்பர் 1, மூன்றரை. 2ஆம் தேதி பகல் முழுக்க மூடுபனி, ஓர் அங்குலம்தான். அன்று திருமலைச்சாமி சாப்பிடவில்லை. 3ஆம் தேதி இரண்டு. பேத்துப்பாறையில் அந்த வாரம் ஒருவரை ஒருவர் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை, எத்தனை அங்குலம் என்றுதான் கேட்டார்கள். பால் சொசைட்டியில் கேட்டார்கள். மினிபஸ் கண்டக்டர் கேட்டார். பழனியிலிருந்து சண்முகவள்ளி நாளைக்கு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டாள். திண்டுக்கல்லிலிருந்து ஷர்மிளா, "அம்மா, வெதுவெதுப்பாத் தண்ணி ஊத்திப் பாரேன்," என்றாள். அன்னக்கொடி ஊற்றிப் பார்த்தாள். 4ஆம் தேதி வெயில் அடித்தது. நாலரை அங்குலம்.

மீதி ஐந்து. ஆனால் நுனி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, பின்னால் இலை விரிய வேண்டும். விரல்நகம் அளவு சுருண்டிருந்த இலைகளை அன்னக்கொடி தொடவே பயந்தாள்.

5ஆம் தேதி வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வெயில். மதியம் இரண்டு மணிக்கு வடக்கிலிருந்து வந்த கொடியின் பற்றிழை தெற்கிலிருந்து வந்த கொடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டது. திருமலைச்சாமி ஓடிவந்து அதைச் சொன்னார். இலைகள் பாதி விரிந்து, பாதி மடங்கி இருந்தன. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் மேலே போனார்கள்.

"நான் வரல அத்தே," என்றாள் அன்னக்கொடி. "எங் கண்ணு ஆசப்பட்டுப் பாத்துரும். நீங்க பாருங்க. நான் கல்லு மேல நிக்கிறேன்."

அவள் கல் மேல் ஏறி மேற்கே திரும்பி நின்றாள். கண்ணுக்கு முன்னால் பச்சை. பால்கனி தெரியவில்லை, வீடு தெரியவில்லை. மேலே காலடிச் சத்தம், பிறகு பொன்னுத்தாயின் குரல்.

"அன்னக்கொடி, எங்கடி இருக்க?"

"கல்லு மேலதான் அத்தே."

"ஏறி நின்னுட்டியா?"

"அப்பவே நின்னாச்சு."

"கைய ஆட்டு."

ஆட்டினாள்.

"அடியே, கைய ஆட்டுன்னேன்."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ரெண்டு கையும் ஆட்டு. குதி."

ஐம்பதை நெருங்குகிற அன்னக்கொடி ஈரக் கல்லின் மேல் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள்.

மேலே சண்முகவள்ளி ஏதோ சொல்ல, பொன்னுத்தாய் இரும்மா என்று அவளை அடக்குவது கேட்டது. பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொன்னுத்தாயின் செருப்பு நடந்து போனது, திரும்பி வந்தது.

"தெரியல," என்றாள் பொன்னுத்தாய். பிறகு ஊருக்கே கேட்கும்படி, "தெரியலடி. எறங்கு, வழுக்கி விழுந்து தொலைக்காத," என்றாள்.

பால்கனியில் கைதட்டுவது கேட்டது. வேலி ஓரம் உட்கார்ந்திருந்த திருமலைச்சாமி துண்டால் மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டார். அன்னக்கொடி கல்லிலிருந்து இறங்கவில்லை. இன்னும் இரண்டு தடவை குதித்தாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு ஆறு வீட்டுக்காரர்களும் மேலே போய்ச் சாப்பிட்டார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சண்முகவள்ளி தன் கையால் உரித்தாள். அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆறு தடுப்புகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் சத்தம். பால்கனிப் பூட்டை நம்பாமல் அதுவரை விடிவதற்குள்ளேயே குளித்து வந்த முருகேஸ்வரி வெயிலில் தலைமுழுகிவிட்டு, இரண்டு வருஷத்து அழுக்கு என்று அடுத்த கொல்லைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அன்னக்கொடி ஒன்றும் கேட்கவில்லை. ஊற்று மூலைப் பக்கம் போகவும் இல்லை. எழுதிக் கையில் வரும்வரை அங்கே ஒரு பையும் வைப்பதில்லை என்று இருந்தாள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு மட்டும் வேலியில் ஏதாவது ஒரு சோலியை வைத்துக்கொண்டாள்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கே. அன்னக்கொடி, நாற்றுப் பண்ணை, பேத்துப்பாறை என்று முகவரி. உள்ளே முத்திரைத்தாளில் ஊற்றுள்ள தெற்கு மூலை எட்டு சென்ட், இன்றிலிருந்து பத்து வருஷத்துக்கு. அதோடு ஒரு தனித்தாளில் குருநாதன் எழுதியிருந்தார்: மரம் மறுபடி கிளை விட்டாலும் சௌசௌவை எடுக்க வேண்டாம் என்று சண்முகவள்ளி சொல்லச் சொன்னாள், எங்கள் பக்கம் காய்ப்பதை நாங்கள் பறித்துக்கொள்கிறோம். திருமலைச்சாமி அண்ணன் வீட்டைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், அரிவாள் இல்லாமல்.

கையெழுத்துப் போட்டு வாங்கும் இடத்தில் தபால்காரர் தேதியை எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார். 2024 செப்டம்பர் 23, திங்கட்கிழமை.